பதினோராவது பாட்டில்

ஆய்வகத்தில் உதவியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். பாட்டில் கழுவுவது, அதன் வாயில் பஞ்சு அடைப்பது, கிருமி சாக நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவை எத்தனை நிமிடம் ஓட்டுவது, இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்ட முடியாத ஒன்றை எழுதுகிறேன். கூட வேலை பார்த்தவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்த கதை.

நான் எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் தரை துடைக்கச் சேர்ந்து, பிறகு உதவியாளர் ஆனேன். ஊர் கீழப்பழுவூர். தினமும் அரியலூர் போய், அங்கே பஸ் மாறிப் பெரம்பலூர் வர வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகும்போது எனக்கு ஒரே வேலைதான். கவலைப்படுவது.

ஒரு நாள் சாயங்காலம் அரியலூரில் இறங்கி, கீழப்பழுவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்த பிறகு, ஆய்வகத்தில் கேஸ் பர்னரை மூடினேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. இறங்கினேன். மறுபடி பெரம்பலூர் பஸ். மறுபடி கல்லூரி. சாவி வாங்கித் திறந்து பார்த்தால் பர்னர் மூடித்தான் இருந்தது. வாட்ச்மேன் கேட்டார்: "என்னம்மா, கேஸுக்கு டாட்டா சொல்லாம போயிட்டியா?"

அன்றிலிருந்து கிளம்பும்போது பர்னரின் திருகை மூன்று முறை தொட்டுத் திருகிப் பார்ப்பேன். இதை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வேண்டும்.

எங்கள் துறைத் தலைவியை நாங்கள் மேடம் என்றே கூப்பிடுவோம். கண்டிப்பானவர். எதற்கெடுத்தாலும் என் பேர்தான். "பழனியம்மா, அந்த ஃபிரிட்ஜ் சாவி." "பழனியம்மா, ரெண்டு கண்ணாடித் தட்டு எடுத்து வை." அலுத்துக்கொண்டேதான் ஓடுவேன். அந்தக் கூப்பாடு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அது குறைந்த பிறகுதான் தெரிந்தது.

குறைத்தவள் இந்திரா. திருமானூர்க்காரி. என்னைவிட நாலு வயது சின்னவள். பன்னிரண்டாவது முடித்தவள். ஒப்பந்த வேலையில் வந்தாள். ஆண்டுக்கொரு முறை மேடம் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீளும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. மூடியின் நிறம், பாட்டிலின் கழுத்து, லேபிள் எந்த மூலையில் கிழிந்திருக்கிறது, இவற்றை வைத்துத்தான் மருந்துகளை அடையாளம் வைத்திருந்தேன். அவளோ வந்த முதல் வாரமே எல்லா லேபிளையும் கடகடவென்று வாசித்தாள். மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.

அவள் கொள்ளிடக்கரைக் கத்திரிக்காய் கொண்டு வருவாள். மேடம் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். இத்தனை வருடத்தில் நான் கொடுத்த எதையும் மேடம் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. யோசித்துப் பார்த்தால் நான் எதையும் கொடுத்ததும் இல்லை. ஆனால் அப்போது அப்படி யோசிக்கத் தோன்றவில்லை.

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இந்திரா செய்யும் தப்புகளைத் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். "பஞ்சு சரியாக அடைக்கவில்லை." "தட்டுகளைச் சூட்டோடு எடுத்தாள்." "மேடம் டீ டம்ளரில் பென்சில் போட்டு வைத்தாள்." ஒரு நாள் மேடம் முன்னால் இந்த நோட்டை வைப்பேன், மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு, "பழனியம்மா, உன்ன விட்டா இங்க யாரு இருக்கா" என்பார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு ஓடிய படம் இதுதான்.

எழுதினதோடு விடவில்லை. அவள் நாலு மணி பஸ்ஸுக்குப் போன பிறகு, அவள் செய்த வேலையை நான் யாருக்கும் தெரியாமல் மறுபடி செய்வேன். அவள் அடைத்த பஞ்சைப் பிரித்து அடைப்பேன். அவள் ஆட்டோகிளேவில் வேகவைத்து எடுத்ததை நம்பாமல் இன்னொரு முறை வேகவைப்பேன். மேடம் உத்தரவில்லாமல் இப்படிச் செய்யக் கூடாது. செய்தேன்.

அந்தச் சமயம் அருள் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். விக்கிரமங்கலம் தாண்டி முந்திரித் தோப்பு ஓரத்தில், எந்தக் காலத்திலோ பூமிக்கடியில் நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்கத் துளை போட்டு விட்டுப் போன குழாய் ஒன்று உண்டு. மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாகப் பொங்கிக்கொண்டே இருக்கும். அதுவும் வெந்நீர். சுற்றிச் சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். உப்பில்லாத நல்ல தண்ணீர். அந்தத் தொட்டி விளிம்பில் ரோஜா நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது என்று அருள் கொஞ்சம் எடுத்து வந்தார். வெயிலைச் சாப்பிட்டு வாழும் பாக்டீரியா என்று சொன்னார். செடிகள் மாதிரி ஒளியில் சமைத்துக்கொள்ளுமாம், ஆனால் பச்சையாக இருக்காதாம்.

எடுத்து வந்ததுதான் மிச்சம். எந்த பாட்டிலிலும் அது வளரவில்லை. அருளுக்குக் கொடுத்த காலம் முடிந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜில் கொஞ்சூண்டு சாம்பிள்தான் பாக்கி. "இது கடைசி ஆட்டம்க்கா. இதுலயும் வரலன்னா, நான் வேற தலைப்புதான் பாக்கணும். வூட்ல கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் பத்து பாட்டில் உணவுக் கரைசல் தயார் பண்ணச் சொன்னார் மேடம். சொன்னது என்னிடம் இல்லை. "இந்திரா" என்றுதான் கூப்பிட்டார்.

நான் கழுவு தொட்டியில் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பாட்டில் ஊற்றினாள். கரைசல் தீர்ந்துவிட்டது. பக்கத்து அலமாரியில் அதே மாதிரி வெளிறிய மஞ்சளில் இன்னொரு பெரிய பாட்டில் இருந்தது. பேச்சு வாக்கில் அதை எடுத்துப் பத்தாவதிலும் ஊற்றினாள், கூடுதலாக ஒன்று இருக்கட்டும் என்று பதினோராவதிலும் ஊற்றினாள். லேபிள் வாசிக்கத் தெரிந்தவள், அன்றைக்கு வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாத எனக்குத் தெரியும், மூலை கிழிந்த லேபிள். அது வேறொரு மாணவியின் உப்புக் கரைசல். வேதாரண்யம் உப்பளத்திலிருந்து கொண்டு வந்த கிருமிகளுக்காகக் கல்லுப்பு கரைத்துத் தயாரித்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. நோட்டில் எழுதினேன். "பத்து, பதினொன்று இரண்டிலும் உப்புக் கரைசல் ஊற்றினாள்." அவள் போன பிறகு, வழக்கம்போல் அவள் வேகவைத்த பதினொன்றையும் மறுபடி வேகவைத்தேன். அதையும் எழுதினேன், நேரம் போட்டு. பழக்கதோஷம். மறுநாள் அருள் பத்து பாட்டிலில் சாம்பிளை விட்டு, எந்நேரமும் விளக்கு எரியும் அலமாரியில் வைத்தார். மிஞ்சிய பதினோராவதை நான் கழுவப் போடவில்லை. மூடியைத் திறக்காமல், அதே விளக்கு அலமாரியில், பழைய பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் தப்புக்குச் சாட்சி வேண்டுமல்லவா? வேறெங்காவது வைத்தால், "கெட்டுப்போனத காட்டுறியா" என்று மேடம் கேட்டுவிடுவாரோ என்று பயம். அதனால் மற்றவற்றுக்குக் கிடைத்த அதே வெளிச்சம், அதே சூடு.

மூன்று வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை அருள் கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒன்பது பாட்டில் சும்மா கிடக்கிறது. பத்தாவது மட்டும் ரோஜாப்பூ நிறத்தில்.

"இந்திராக்கா, நீங்க ஊத்துனதுதானே? ராசியான கைக்கா ஒங்க கை!" என்றார் அருள். மேடம் அவள் தோளைத் தட்டினார். துறை முழுக்க வந்து பார்த்தது. இந்திரா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் கழுவு தொட்டிப் பக்கம் நிற்கிறேன். அட கடவுளே, தப்பில்கூட அவளுக்கு மாலையா? நான் இத்தனை வருடமாகத் தப்பே பண்ணாமல் இருந்ததற்கு ஒரு தட்டு தட்டியவர் உண்டா?

என் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், அந்த பாட்டில்ல உப்பளத்துக் கரைசல் ஊத்தியிருக்கு."

மேடம் திரும்பி இந்திராவைப் பார்த்தார். "உண்மையா?"

இந்திரா அலமாரியைப் பார்த்தாள். பெரிய பாட்டிலை எடுத்து லேபிளை இப்போது வாசித்தாள். "ஆமாங்க மேடம். நான்தான் ஊத்துனேன். பாக்காம ஊத்திட்டேன்."

"அப்ப இது அருளோட பாக்டீரியா இல்ல" என்றார் மேடம். "உப்பளத்துக் கிருமி உள்ள பூந்திருக்கு. அதுவும் ரோஸ்தான். நல்ல தண்ணியில இருக்கறது உப்புல எப்படி வளரும்?" பிறகு என்னிடம், "பழனியம்மா, அத ஆட்டோகிளேவ்ல போட்டுக் கொன்னுடு. மத்ததயும் சேத்துக் கொட்டிடு." கடைசியாக இந்திராவிடம், குரலை உயர்த்தாமல்: "இந்த மாசத்தோட ஒன் ஒப்பந்தம் முடியுது இல்ல?"

இந்திரா தலையசைத்தாள். அருள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ரொம்ப நாள் கழித்து மேடம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆட்டோகிளேவ் அறைக்குப் போனேன்.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நான் மனம் திருந்தினேன் என்று நினைக்காதீர்கள். ஆட்டோகிளேவ் மூடியைத் திறந்து பாட்டிலை உள்ளே வைத்த பிறகு, எனக்கு வழக்கமான பயம் வந்தது, அவ்வளவுதான். சரியாகப் பார்த்தேனா? மூடிவிட்டால் திறந்து பார்க்க முடியாதே? கேஸ் என்றால் பஸ் ஏறித் திரும்பி வரலாம். கொன்றதை எந்த பஸ்ஸில் ஏறிப் போய்த் திரும்பக் கொண்டு வருவது?

பாட்டிலை வெளியே எடுத்து மேஜையில் வைத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறை எடுத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. உப்புக் கரைசல் வழியாகக் கிருமி வந்ததென்றால் எப்படி வரும்? இந்திரா வேகவைத்ததை நான் மறுபடி வேகவைத்தேனே. இரண்டு முறை வெந்த கரைசலில் என்ன உயிரோடு இருக்கும்? அப்படி இருந்திருந்தால், அதே கரைசல், அதே அலமாரி, பதினோராவதும் ரோஜா நிறம் ஆகியிருக்க வேண்டுமே?

விளக்கு அலமாரிக்குப் போய்ப் பழைய பாட்டில்களை நகர்த்தினேன். பதினோராவது, ஊற்றின அன்றைக்கு இருந்த அதே வெளிறிய மஞ்சளில், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாவிட்டால் அருள் தலைப்பை மாற்றுவார், இந்திரா திருமானூர் போவாள், மேடம் "பழனியம்மா" என்று கூப்பிடுவார். சொல்வதென்றால் நோட்டையும் காட்ட வேண்டும். இரண்டு தடவை வேகவைத்ததற்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கிழித்த தாளை யார் நம்புவார்கள்?

இரண்டு பாட்டில், ஒரு நோட்டு. மூன்றையும் மேடம் மேஜையில் வைத்தேன். இந்திராவும் அருளும் அங்கேயே இருந்தார்கள்.

மேடம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். "டீ டம்ளர்ல பென்சில்..." என்று வாய்விட்டுப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் தரை பிளந்திருக்கலாம்.

"எத்தன நாளா எழுதற?"

"அவ வந்ததுலேருந்துங்க மேடம்."

"அவ செஞ்சத எல்லாம் ரெண்டாவது தடவ செஞ்சியா?"

"ஆமாங்க மேடம்."

"யார கேட்டுச் செஞ்ச?"

மேடம் பாட்டில் ஊற்றின தேதி வரும்வரை புரட்டினார். படித்தார். பதினோராவது பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பத்தாவதைப் பக்கத்தில் பிடித்தார். ஒன்று தெளிவு, ஒன்று ரோஜா.

"அருள், நாமளா வச்சிருந்தா இதவிட நல்ல கன்ட்ரோல் வச்சிருக்க மாட்டோம்" என்றார். பிறகு என்னிடம், "சாம்பிள் விட்டது, விடாதது, ரெண்டயும் ஒரே மாதிரி வச்சு ஒப்பிடறதுக்குப் பேருதான் அது. ஒனக்குத் தெரியாமலே செஞ்சிருக்க. எதுக்காகச் செஞ்சேங்கறத நான் அப்புறம் பேசிக்கறேன்."

அந்த "அப்புறம்" வரும் வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். கடைசி வரை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

ஆனால் கேள்வி அப்படியே நின்றது. நல்ல தண்ணீரில் வாழ்வது ஏன் உப்பில் மட்டும் வளர்கிறது? அந்த வாரமே மேடம் காரில் நாலு பேரும் போனோம். பின் சீட்டில் நானும் இந்திராவும். முந்திரித் தோப்பு வரும் வரை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தோம்.

தொட்டியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அருள் தண்ணீரில் கருவியை விட்டுப் பார்த்தார். சூடு இருக்கிறது, உப்பு இல்லை. அவர் முகம் தொங்கியது. பாவாடையைத் துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்டாள்: "என்னங்க தேடுறீங்க? தண்ணி நல்ல தண்ணிதாங்க. சோறு வடிச்சா பூ மாதிரி இருக்கும்."

"செவப்பா ஒண்ணு படிஞ்சிருக்குமேங்க, அது" என்றாள் இந்திரா.

"அதுவா? அது தண்ணிக்குள்ள கெடையாதே. இந்தப் பக்கம் வாங்க. தண்ணி தெறிச்சுத் தெறிச்சுக் காயுது பாருங்க, மதில் வெளிப்பக்கம், அங்கதான். வெள்ளையா பூக்கும், அடியில செவப்பா இருக்கும். எங்க ஆட்டுக்கு அதுதான் முட்டாய். நக்கு நக்குன்னு நக்கும். அடிச்சாலும் போவாது."

சொல்லி வாய் மூடவில்லை, ஓர் ஆடு வந்து மதிலை நக்கியது.

மேடம் குனிந்து உட்கார்ந்தார். விரல் அகலத்துக்கு வெள்ளைப் பொருக்கு. இந்திரா கரண்டியால் லேசாகச் சுரண்டினாள். அடியில் அதே ரோஜா நிறம். நான் ஒரு துணுக்கை எடுத்து நாக்கிடம் கொண்டுபோனேன்.

"நக்காத பழனியம்மா! ஆட்டுக்குப் போட்டியா நீ?" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள். இந்திராவும். அந்த நாளில் அவள் முதல் சிரிப்பு.

நல்ல தண்ணீரிலும் துளி உப்பு உண்டு. தெறித்த சொட்டு காய்ந்தால் அந்தத் துளி தங்கிவிடும். சூட்டில் சீக்கிரம் காயும். வருடக்கணக்காகத் தெறித்துக் காய்ந்ததில் அந்த விரலகலம் மட்டும் உப்பளம் ஆகிவிட்டது. சுற்றிலும் நல்ல தண்ணீர் கொட்டுகிறது, இதற்கு வேண்டியது அந்தப் பட்டையில் மட்டும். அருள் முதல் முறை விளிம்பில் எடுத்தபோது அந்தப் பொருக்கும் கொஞ்சம் சேர்ந்து வந்திருக்கிறது. நாங்கள் மாதக்கணக்காக அதை நல்ல தண்ணீரில் போட்டுக் கொன்றிருக்கிறோம்.

புதிதாக எடுத்ததை உப்புக் கரைசலில் விட்டார்கள். எல்லா பாட்டிலும் ரோஜாவானது. இந்திராவின் ஒப்பந்தம் நீண்டது. அந்த பாட்டில்களின் பொறுப்பை மேடம் அவளிடமே கொடுத்தார். எனக்கு மறுபடி எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அருள் தன் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் எங்கள் இருவர் பேரையும் போட்டார். அவள் பேர் முதலில். "அகர வரிசைக்கா" என்றார். நானும் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டேன். உண்மைதான்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பொறாமை வரும். வராதவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஆய்வகத்தில் ஒருவரைப் பற்றி வாயைத் திறந்தால் முழுவதையும் சொல்லுங்கள், உங்களுக்கு அசிங்கமான பாதியையும் சேர்த்து. நான் முதலில் சொன்னது பொய் இல்லை. உண்மையில் பாதி. அந்தப் பாதி, ஒருத்தி வேலையையும் ஒருவர் படிப்பையும் ஒன்றாகக் கொட்டப் பார்த்தது.

நோட்டு மேடத்திடம் இருந்தது. அருளுக்குத் தேதிகள் வேண்டும் என்று இந்திராவிடம் கொடுத்து நகல் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் மத்தியானம் அவள் அதை என் முன்னால் கொண்டு வந்து வைத்தாள்.

"முழுக்கப் படிச்சேன்க்கா" என்றாள்.

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பென்சில் நான்தான் போட்டேன். பஞ்சும் எனக்கு இன்னும் சரியா வரல. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு." பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தாள். "பர்னரை மூடாமல் போய்விட்டாள். காலையில் வந்தால் ஜன்னலெல்லாம் திறந்து போட்டு நின்றாள்" என்று நான் எழுதியிருந்தேன்.

"அதுக்கு மொத நாள் சாயங்காலம் நான் நாலு மணி பஸ்ஸுக்குப் போயிட்டேன்க்கா. மூடிட்டுத்தான் போனேன். அப்புறம் பூட்டுனது நீங்க. காலைல நான் மொதல்ல வந்து தொறந்தா ஒரே நெடி. திருகு லேசா தொறந்திருந்துச்சு. நீங்க போறப்ப மூணு தடவ திருகிப் பாப்பீங்க இல்ல? அதுல ஒரு தடவ மாறிப் போயிருக்கும்."

கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தேன். கேஸ் நிரம்பிய அந்தக் காலை மனதில் ஓடியது. விளக்கு அலமாரி, பாட்டில்கள், முதல் ஆளாக வந்து சுவிட்சைப் போடும் அவள் கை. ஒரு பொறி போதும்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னுதான்."

சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் பேனா எடுத்து அந்த வரியில் "போய்விட்டாள்" என்பதை அடித்து "போய்விட்டேன்" என்று எழுதினேன்.

அவள் சொன்னது சரிதான். அன்றைக்கு நான் தூங்கவில்லை. பாதி, கேஸை நினைத்து. மீதி, அந்த மாதிரி ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லையே என்ற பொறாமையில்.